கன்ட்ரோல் சீரம்: தூளா, திரவமா, நாமே உறைய வைப்பதா?

"அண்ணா, மெஷின் போயிருச்சாட்ட இருக்குதுங்ணா."

வேலந்தாவளம் பக்கம் ஒரு சின்ன லேப்பில் வேலை பார்க்கும் தங்கச்சி காலை ஏழரைக்குப் போன் செய்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், கன்ட்ரோல் ஒத்துவரவில்லை. சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓட்டும், மதிப்பு முன்பே தெரிந்த சீரம்தான் கன்ட்ரோல். ஈரல் நொதியான எஸ்ஜிபிடி 40 வர வேண்டிய இடத்தில் 31. ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 110-க்குப் பதில் 138. ஒன்று இறங்கியிருக்கிறது, இன்னொன்று ஏறியிருக்கிறது. மெஷினில் பல்பு பழுதென்றால் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்காது.

"புதுக் குப்பியா உடைச்சே?"

"ஆமாங்ணா, இப்பத்தான்."

"கலக்கி எத்தனை நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷமிருக்குமுங்க."

"எப்படிக் கலக்குனே?"

"நல்லாக் குலுக்கித்தானுங்க."

மெஷினுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதே வட்டத்தில் சுற்றி வந்தார்கள். பாலக்காட்டுச் சித்தூரில் ஒருவர், தூளை விட்டுவிட்டுத் திரவக் கன்ட்ரோலுக்கு மாறலாமா என்று கேட்டார். பொள்ளாச்சிக்காரர் ஒருவர், அந்தக் காலம் போல நோயாளி சீரம் மிச்சத்தைச் சேர்த்து ஃப்ரீசரில் போட்டால் காசு மிச்சம்தானே என்றார். கொழிஞ்சாம்பாறையில் லேப் வைத்திருக்கும் நான் மூன்றையும் செய்து பார்த்தவன், மூன்றிலும் சூடு பட்டவன். கேரள-தமிழக எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் சின்ன லேப்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தினம் 400 சாம்பிள் ஓடும் நகரத்து லேப்புக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

விலைப்பட்டியலை முதலில் பார்க்காதீர்கள். நான் பார்க்கிற வரிசை வேறு.

முதலில், அந்தக் குப்பிக்குள் இருப்பது நோயாளியின் சீரம் மாதிரி நடந்துகொள்கிறதா? கன்ட்ரோல் சரியாக வந்து நோயாளி முடிவு தப்பாகப் போகிற வழி இதுதான். அடுத்து, பிழை எந்த இடத்தில் நுழையும்: கலக்கும் கையிலா, ஃப்ரீசரிலா, வரும் வழியிலா? மூன்றாவது கரண்ட். மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது தென்னை மட்டை கம்பியில் விழுந்து லைன் போவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்காவது, திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும், அதில் எவ்வளவைக் கீழே கொட்டப் போகிறோம். பணம் இதற்குப் பிறகுதான். கடைசியாகத் தொற்று. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் சீரத்தை உலர்த்தும்போது அதன் புரதங்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

## உலர்த்தும்போது உள்ளே நடப்பது

சீரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு டெசிலிட்டரில் 6 முதல் 8 கிராம் புரதம். அதில் பாதிக்கு மேல் ஆல்புமின், மீதி குளோபுலின்கள், நொதிகள், கொழுப்பைச் சுமந்து திரியும் லைப்போபுரதங்கள். ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உப்புகள்.

இதை உறைய வைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கி எடுப்பதுதான் லையோஃபிலைசேஷன். சீரத்துக்கு இதை ஒழுங்கான முறையாக ஆக்கி 1935-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் ஃப்ளாஸ்டார்ஃப், மட் என்ற இருவர். 'லையோஃபைல்' என்றால் கரைப்பானை விரும்புவது. தண்ணீர் பட்டதும் ஆசையாகக் கரைந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் போர்முனைக்கு பிளாஸ்மாவைத் தூளாக அனுப்ப முடிந்தது இந்த வழியில்தான்.

புரதத்துக்கு முதல் அடி உலர்த்தலில் விழுவதில்லை, உறைதலிலேயே விழுந்துவிடுகிறது. சின்ன வயதில் குச்சி ஐஸை உறிஞ்சியிருப்பீர்கள். நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், குச்சியில் வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் நிற்கும். தண்ணீர் உறையும்போது தன்னை மட்டும் சுத்தமாகக் கட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே தள்ளும். சீரத்திலும் அதே கதை. பனிச்சுவர்களுக்கு இடையே ஒடுங்கிய சந்துகளில் புரதமும் உப்பும் நெருக்கியடித்து நிற்கின்றன. சாதாரண உப்புக் கரைசல் முழுக்க உறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும். அந்த இடத்தில் மிச்சமிருக்கும் நீரில் உப்பு 23 சதவீதம் இருக்கும். ஒரு சதவீதத்தில் பிறந்து வளர்ந்த புரதம் திடீரென்று இருபது மடங்குக்கு மேல் உப்பில் நிற்கிறது. பிஹெச்சை, அதாவது அமில-கார அளவை, நிலையாக வைக்க சோடியம் பாஸ்பேட் பஃபர் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். அதில் ஒரு உப்பு மட்டும் முதலில் படிகமாகி விலகிவிடுவதால், 7-இல் இருந்த பிஹெச் 4 பக்கம் வரை சரியக்கூடும்.

பிறகு வெற்றிடம். அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகும். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி மிஞ்சுகிறது. இன்னும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு கிராம் புரதத்தைச் சுற்றியும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், உறையவும் உறையாது. புரதத்தின் மடிப்புகளைத் தாங்கிப் பிடிப்பதில் இந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அதையும் மெல்லச் சூடேற்றி எடுத்தால்தான் ஈரம் 1 முதல் 3 சதவீதத்துக்கு இறங்கும். அதற்கும் கீழே வறட்டினால் மடிப்பு குலையும், ஈரம் கூடினால் தூள் கெடும். சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைச் சேர்ப்பது இதற்காகத்தான். தண்ணீர் விட்டுப்போன இடங்களில் சர்க்கரை போய் உட்கார்ந்து புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, கண்ணாடி போல இறுகி அசையவிடாமலும் வைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு யார் தப்பிப் பிழைக்கிறார்கள்?

ஆல்புமின் முரடன். 585 அமினோ அமிலங்களும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் 17 சல்ஃபர் பிணைப்புகளும் உள்ள மூலக்கூறு, கொஞ்சம் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டையாவதைத் தவிரப் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். இம்யூனோகுளோபுலினும் பரவாயில்லை, சிறு சிறு திரள்கள் உண்டாகும். நொந்துபோவது லைப்போபுரதம். எண்ணெய்த் துளியைச் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிடும் கட்டிய மெல்லிய தோல்தான் எல்டிஎல், விட்டம் 20 நானோமீட்டருக்குச் சற்றுக் கூட. அந்தத் தோலைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. தண்ணீரை எடுத்ததும் தோல் கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. மறுபடி தண்ணீர் ஊற்றினால் பழைய துளிகள் திரும்புவதில்லை, கலங்கல்தான் வருகிறது. தூள் கன்ட்ரோலைக் கரைத்தால் மங்கலான மோர்த்தண்ணி மாதிரி இருப்பது இதனால்தான். மின்சாரத்தால் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் ஓட்டினால் எல்டிஎல்லின் பீட்டா லைப்போபுரதப் பட்டை தெளிவாக நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தொல்லைக்காகவே பல தயாரிப்பாளர்கள் உலர்த்துவதற்கு முன் கொழுப்பைக் கணிசமாக நீக்கிவிடுகிறார்கள்.

நொதிகள் ஆளுக்கொரு மாதிரி. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் கரைத்தவுடன் குறைவாகக் காட்டி, மணிக்கணக்கில் மெல்ல ஏறும். தசை நொதியான சிகே கரைத்த நேரத்திலிருந்து இறங்கத் தொடங்கும். பைகார்பனேட்டின் கரியமில வாயு வெற்றிடத்தோடு போய்விடும், பின்னால் சேர்த்துக்கொடுத்தாலும் மூடி திறந்தால் மறுபடி பறக்கும்.

ஒரு கணக்கும் உண்டு, பலருக்குத் தெரியாதது. 5 மில்லி சீரத்தை உலர்த்திவிட்டு 5 மில்லி தண்ணீர் ஊற்றினால் 5 மில்லி வராது. உள்ளே இருக்கும் 350 மில்லிகிராம் புரதமே கால் மில்லிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மொத்தம் 5.25-ஐத் தாண்டும். வாங்குகிற கன்ட்ரோலில் இதனால் பிரச்சினை இல்லை, அட்டையில் அச்சிட்ட மதிப்பு 5 மில்லி ஊற்றிய பிறகு அளந்தது. நாமே உலர்த்த நினைக்கிறவர்களுக்குத்தான் இது கண்ணி.

## தூள்

இதுவரை படித்தவர்களுக்குத் தூள் மேல் வெறுப்பு வந்திருக்கும். வர வேண்டாம். தூளுக்கு நேர்ந்த சேதம் எல்லாம் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்துவிட்டது. அந்தச் சேதத்தோடு சேர்த்துத்தான் மதிப்பு போட்டிருக்கிறார்கள். குப்பி மூடியிருக்கும்வரை அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. சுவரில் ஒட்டிய லெவி-ஜென்னிங்ஸ் கட்டத்தில் தினம் கன்ட்ரோல் முடிவைப் புள்ளியாக வைக்கிறோமே, அதற்கு இந்த மாறாத தன்மைதான் முதல் தேவை.

கரண்ட் போனாலும் கவலையில்லை. 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொன்ன தூள் குப்பி, ஃப்ரிட்ஜ் அணைந்த ஒரு ராத்திரியில் செத்துப்போகாது. கோயம்புத்தூரிலிருந்து டீலர் பையன் பைக்கில் கொண்டு வரும்போது வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாலும் அப்படித்தான். ஆனால் வாரக்கணக்கில் சூட்டில் கிடந்தால் வேறு. தூளில் இருக்கும் குளுக்கோஸ் புரதத்தோடு பிணைந்து பழுப்பேறும், கரைதிறன் குறையும். வாங்கும்போது கட்டி வெளிர் மஞ்சளாய், குப்பி அடியில் முழு வட்டமாய் நிற்கிறதா பாருங்கள். சுருங்கி, ஓரத்தில் ஒட்டி, அல்வாத் துண்டு போலிருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் திறந்து வைத்த கருப்பட்டி எப்படிக் கசிகிறதோ அப்படித்தான் இதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

தூளில் பிழை நுழைகிற வாசல் ஒன்றே ஒன்று: கலக்கும் கை. 5 மில்லிக்குப் பதில் 4.9 ஊற்றினால் எல்லாமே 2 சதவீதம் ஏறும். சோடியம் 140 என்பது 143 பக்கம் போகும். அந்த 3 மில்லிமோல் போதும், புள்ளி எல்லைக் கோட்டுக்கு வெளியே போக. சிரிஞ்சில் உறிஞ்சி ஊற்றுகிற லேப்களை நான் பார்த்திருக்கிறேன். 5 மில்லி ஏ கிளாஸ் கண்ணாடிப் பிப்பெட் ஒன்று வாங்குங்கள், பிழை 0.3 சதவீதத்தைத் தாண்டாது. தூளுக்கு மாறுவதில் மறைந்திருக்கும் செலவு அதுவும், நல்ல டிஸ்டில்டு வாட்டரும்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற கேனை எடுக்காதீர்கள்.

கலக்கும் விதம்: மூடியை மெல்லத் திறங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் காற்று சீறி உள்ளே புகும்போது தூள் துள்ளி வெளியே வரும். தண்ணீரைச் சுவரோரமாக விடுங்கள். குப்பியை மூடி, இருட்டில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். இடையிடையே உள்ளங்கையில் உருட்டுங்கள், தலைகீழாகச் சாய்த்து மூடியில் ஒட்டிய தூளையும் கரையவிடுங்கள். குலுக்கக் கூடாது. நுரையின் ஒவ்வொரு குமிழிச் சுவரிலும் புரதம் விரிந்து ஒட்டிக்கொள்ளும், அப்படி விரிந்தது திரும்ப மடங்காது. நம் தங்கச்சியின் எஸ்ஜிபிடி இறங்கியதற்குக் கரையாத கட்டி, டிரைகிளிசரைடு ஏறியதற்குக் குலுக்கலில் கூடிய கலங்கல். ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் மட்டும் தினம் ஒரே நேர இடைவெளியில் போடுங்கள். இன்று அரைமணியில், நாளை நாலு மணி நேரம் கழித்து என்றால் கட்டம் ஏணிப்படி போலிருக்கும்.

கரைத்த பிறகு ஃப்ரிட்ஜில் பொதுவாக 5 முதல் 7 நாள், பிலிருபினுக்கு அதைவிடக் குறைவு. பத்து டெஸ்ட் போடும் செமி ஆட்டோ (பாதி வேலை கையால் செய்யும் மெஷின்) லேப்புக்கு ஒரு நாளைக்கு அரை மில்லி போதும். ஏழு நாளில் மூன்றரை மில்லி, மிச்சம் சிங்க்குக்கு. மாதம் ஒரு லெவலுக்கு (நார்மல், அதிகம் என்று இரண்டு லெவல்) 4 குப்பிக்கு மேல் போகும். அரை மில்லி வீதம் பத்துக் குழாயில் பிரித்து மைனஸ் 20-இல் உறைய வைத்தால் 26 வேலை நாளுக்கு 3 குப்பி. மிச்சப்படுவது ஒன்றரைக் குப்பிக்குள்தான், அதுவும் எஸ்ஜிபிடி, சிகே கொஞ்சம் சரிவதைப் பொறுத்துக்கொண்டால். நான் பொறுத்துக்கொள்ளவில்லை, கொட்டிவிடுகிறேன்.

தூள் கன்ட்ரோலை வைத்து ஆல்புமின் கிட்டைக் குறை சொல்லும் முன் அட்டையைப் படியுங்கள். பல கன்ட்ரோல்களில் மாட்டு ஆல்புமின் இருக்கும். சில ஆல்புமின் கிட்டில் இருக்கும் புரோமோக்ரெசால் பர்ப்பிள் சாயம் மனித ஆல்புமினோடு ஒட்டுகிற மாதிரி மாட்டு ஆல்புமினோடு ஒட்டாது.

## திரவம்

திறந்தோம், எடுத்தோம், ஓட்டினோம். கலக்கும் பிழை கிடையாது, அரைமணி காத்திருப்பு கிடையாது. உலர்த்தாததால் லைப்போபுரதமும் இந்த அளவுக்குக் கிழிவதில்லை, கலங்கல் குறைவு. திறந்த பிறகு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை தாங்கும் வகைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெக்னீஷியன் மாறுகிற லேப்பில் இது வரம்தான்.

ஆனால் "உலர்த்தவில்லை, அதனால் நோயாளி சீரம் போலவே இருக்கும்" என்பதை நம்பாதீர்கள். உறையாமலும் கெடாமலும் இருக்க அதில் என்னென்னவோ சேர்த்திருக்கிறார்கள். எத்திலீன் கிளைக்கால் சேர்த்த வகை பிசுபிசுப்பாக இருக்கும். மைக்ரோ பிப்பெட்டில் மெல்ல இழுக்காவிட்டால் அளவு குறையும், நுனியில் கொஞ்சம் தங்கும். புரதத்துக்கு உலர்த்தல் கொடுத்த காயம் ஒரு வகை, இது இன்னொரு வகை வேஷம்.

விலை தூளைவிடக் கூடுதல். அதைவிடப் பெரிய செலவு குளிர்ச்சங்கிலி. சில வகைகளை மைனஸ் 20 அல்லது அதற்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். டீலர் ஐஸ் பெட்டியில் அனுப்புவார், பார்சல் பஸ்ஸில் வரும், நாம் ஸ்டாண்டுக்குப் போய் எடுக்கும்போது ஐஸ் ஜெல் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே உருகிற்றா இல்லையா, யார் சாட்சி? 2017-இல் ஜிஎஸ்டி வந்து வாளையாரில் வரிச் சோதனை வரிசை போன பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. முன்பெல்லாம் லாரி வரிசையில் பாதி நாள் போய்விடும். இருந்தாலும் ஏப்ரலில் வாங்குவதானால் கோயம்புத்தூர் போய் நானே கையோடு கொண்டு வருவேன்.

## நாமே உறைய வைப்பது

நோயாளி சீரத்தின் மிச்சத்தைச் சேர்த்து, கலந்து, அரை மில்லியாகப் பிரித்து ஃப்ரீசரில் போடுவது. இந்தக் கலவையைத்தான் பூல் என்போம். மனித சீரம், சேர்மானம் இல்லை, உலர்த்தல் இல்லை. முதல் அளவுகோலில் மூன்றிலும் இதுதான் முன்னால் நிற்கிறது. காசும் போகாது என்று தோன்றும்.

தோன்றும்தான். ஆறு மாதத்துக்கு 26 நாள் வீதம் அரை மில்லி என்றால் 78 மில்லி. தினம் 20 பேர் வரும் லேப்பில் ஆளுக்கு அரை மில்லி மிஞ்சினாலும் சேர்க்க எட்டு நாளாகும். அதுவரை சேர்த்ததை உறைய வைத்தாக வேண்டும். பிறகு உருக்கிக் கலந்து, பிரித்து, மறுபடி உறைய வைப்போம். ஆக, உபயோகத்துக்கு வரும்போது அது இரண்டாம் முறை உருகும் சீரம். ஒவ்வொரு முறையும் அந்தக் குச்சி ஐஸ் நெருக்கடியைப் புரதம் தாண்டி வருகிறது.

இன்னொன்று, வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18, மைனஸ் 20. உப்புக் கரைசல் முழுக்க இறுக மைனஸ் 21 வேண்டும் என்றேனே. கல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே சந்துகளில் அடர்ந்த உப்புநீர் உறையாமல் இருந்துகொண்டேயிருக்கிறது, அதில் வேதிவினையும் மெல்ல நடக்கிறது. எஸ்ஜிபிடி இந்த வெப்பநிலையில் வாரங்களில் இறங்கும். எல்டிஹெச் என்ற நொதியின் சில வடிவங்களுக்குக் குளிரே ஆகாது. மைனஸ் 70 இருந்தால் கதை வேறு, அது நம் தெருவில் யாரிடம் இருக்கிறது? பனி சேராத ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை இன்னும் ஆபத்து. பனியை உருக்க அது தானாகவே சூடேறி இறங்கும், நமக்குத் தெரியாமல் தினமும் சீரத்தை அரை உருகலாக்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடத்தையும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை, மொத்தப் புரதம் 7.1 வர வேண்டிய பூல் 4.6 காட்டியது. ஆல்புமின், கால்சியம், கொழுப்பு எல்லாம் அதே விகிதத்தில் கீழே. ரீஏஜென்ட் மாற்றினேன், பல்பு மாற்றினேன், சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். மத்தியானம்தான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசையாமல் வைத்த மோர்ச்சட்டி போல மேலே தெளிந்த தண்ணீர், அடியில் தேன் நிறத்தில் அடர்ந்த பகுதி. உருகும்போது கனமான புரதம் அடிக்கு இறங்கிவிடும், பனியின் சுத்த நீர் மேலே நிற்கும். நான் மேலாக்கில் உறிஞ்சியிருக்கிறேன். பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு மறுபடி ஓட்டினேன், 7.0. சர்வீஸ் இன்ஜினியர் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

தொற்று விஷயத்தில் விளையாட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பார்க்காத ஒரு சாம்பிள் கூடப் பூலில் சேரக் கூடாது. உறைய வைத்தாலோ உலர்த்தினாலோ கிருமி சாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். வைரஸைப் பத்திரப்படுத்தவே லையோஃபிலைசேஷன் செய்கிறார்கள் என்பதை யோசியுங்கள். 1942-இல் அமெரிக்க ராணுவத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் சேர்த்திருந்த மனித சீரம் வழியாகச் சுமார் 50,000 வீரர்கள் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். பின்னால் அது ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. வாங்குகிற குப்பியையும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

பூலுக்கு அச்சிட்ட மதிப்பு கிடையாது. 20 நாள் ஓட்டி நாமே சராசரியும் விலகலும் கண்டுபிடிக்க வேண்டும். மெஷின் அன்றே தப்பாக ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தப்பே சராசரியாகிவிடும். நேற்றும் இன்றும் ஒன்றா என்று மட்டும் பூல் சொல்லும். இரண்டுமே தப்பா என்று சொல்லாது.

நாமே உலர்த்தலாமா என்று காலேஜில் லையோஃபிலைசர் பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன் கேட்டான். வேண்டாம். மெஷின் லட்சக்கணக்கில், சர்க்கரை விகிதம், ஈர அளவு, குப்பிக்குக் குப்பி ஒரே எடை என்று நூறு விஷயம். மாதம் எட்டு குப்பிக்காக யாரும் ஆலை வைப்பதில்லை.

## ஒரு பார்வையில்

| | தூள் | திரவம் | சொந்தப் பூல் |
|---|---|---|---|
| நோயாளி சீரத்தோடு ஒற்றுமை | கொழுப்பில் குறைவு, மற்றதில் ஓரளவு | நடுத்தரம், சேர்மானம் உண்டு | அதிகம் |
| பிழை நுழையும் இடம் | தண்ணீர் அளவு, கலக்கும் விதம் | வரும் வழி, பிசுபிசுப்பு | ஃப்ரீசர், உருக்கும் விதம் |
| ஒரு ராத்திரி கரண்ட் இல்லையென்றால் | மூடிய குப்பி தப்பும் | வகையைப் பொறுத்தது | உருகினால் முடிந்தது |
| திறந்த பின் | 5–7 நாள் | 2–4 வாரம் | அன்றைக்கு மட்டும் |
| அச்சிட்ட மதிப்பு | உண்டு | உண்டு | இல்லை |
| மறைந்த செலவு | பிப்பெட், கொட்டுவது | ஐஸ் பெட்டி, டீப் ஃப்ரீசர் | 20 நாள் ஓட்டம், தொற்றுச் சோதனை |

## யாருக்கு எது

தினம் 15 முதல் 40 பேர், செமி ஆட்டோ மெஷின், ஒரே ஆள் கலக்குகிறார் என்றால் தூள். யோசிக்கவே வேண்டாம். வெளியிலிருந்து சாம்பிள் அனுப்பி லேப்பைச் சோதிக்கும், வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தரச் சோதனையில் சேர்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: தூளைச் சரியாகக் கலக்கப் பழகிய கை அங்கிருந்து வரும் தூள் சாம்பிளுக்கும் உதவும்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருந்து, ஆட்டோ அனலைசர் ஓடி, ஜெனரேட்டரும் டீப் ஃப்ரீசரும் இருந்தால் திரவம். சித்தூர்க்காரருக்கு இதைத்தான் சொன்னேன். அவருக்கு வருடத்தில் நான்கு பேர் மாறினார்கள், ஆளுக்கொரு விதமாகக் கலக்கி, கட்டம் பல்லாங்குழி மாதிரி இருந்தது.

பூலை மட்டும் நம்பி லேப் நடத்தாதீர்கள் என்று பொள்ளாச்சிக்காரரிடம் சொன்னேன். தூளோடு சேர்த்து ஓட்டுங்கள். தூள் கட்டத்தில் கொலஸ்டிரால் ஏறி, அன்றைய பூலில் ஏறாமல் இருந்தால் குற்றம் குப்பியில். இரண்டும் சேர்ந்து ஏறினால் மெஷினைப் பாருங்கள். உலர்ந்த சீரமும் உலராத சீரமும் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சட்டென்று பிரித்துவிடலாம். அதற்கு 80 மில்லி வேண்டாம். வாரம் ஒரு நாள் ஓட்ட 15 மில்லி போதும், இரண்டு நாளில் ஃப்ரிட்ஜில் சேர்த்து ஒரே முறை உறைய வைத்துவிடலாம்.

தென்னந்தோப்பு வேலைக்காரர்கள் அதிகம் வரும் கிளினிக் ஒன்றை ஒட்டி லேப் வைத்திருப்பவர், பாம்புக்கடி மருந்துக்கும் இதே நியாயம்தானா என்று கேட்டார். அதுவும் குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த புரதம்தான். தூள் குப்பியில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள், அதையும் குலுக்கக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். திரவ வகைக்கு 2 முதல் 8 டிகிரி கட்டாயம், தூள் அறை வெப்பத்தைத் தாங்கும். கரண்ட் நம்பமுடியாத கிராமத்துக்குத் தூள் உகந்தது. ஆனால் அங்கே கரைகிற நிமிடங்கள் ஒரு உயிரின் நிமிடங்கள், பத்துக் குப்பி கரைக்க வேண்டியிருக்கும். ஒருவர் விடாமல் உருட்ட, இன்னொருவர் அடுத்ததைத் திறந்தபடி இருக்க வேண்டும். எதை வாங்குவது என்பது மருத்துவர் முடிவு.

லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுப்பு, மாறும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய லாட் குப்பி கடைசி மூன்று இருக்கும்போதே புதியதை வரவழைத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக 20 நாள் ஓட்டுங்கள். உலர்த்திய நாளும் ஈரமும் லாட்டுக்கு லாட் வேறு என்பதால் கலங்கலும் வேறாகத்தான் இருக்கும். தங்கச்சிக்கு இப்போது அந்த இருபது நாள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கலக்கிய நேரத்தைக் குப்பி மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.